எதை விட்டுவிடலாம் என்று யார் சொல்வது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

எம்.எஸ்ஸி. முடித்தவளை இன்னும் பாப்பா என்று எழுதுவது சரியில்லைதான். ஆனால் வீட்டில் யாரும் உன்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இந்த வயதில் நான் பழக்கத்தை மாற்றிக்கொள்ளப் போவதுமில்லை.

உன் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. அப்ளைடு மேத்ஸ் படித்தவள் மூளை, நரம்பு என்று போனால் நிலையாக ஓர் இடம் கிடைக்குமா என்பது ஒன்று. அங்கே போனபிறகும் கணிதம் செய்கிறவளாக இருப்பேனா, உயிரியல்காரர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஆளாகிவிடுவேனா என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் உன் அப்பாவின், அதாவது என் அண்ணனின் குரல் கேட்கிறது. இரண்டாவதுதான் உன்னுடையது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கணிதம் நரம்புக்குள் நுழைந்த கதையை எல்லாரும் 1952இலிருந்து தொடங்குவார்கள். ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ‘ஜர்னல் ஆஃப் பிசியாலஜி’யில் தங்கள் கட்டுரைகளை வெளியிட்ட ஆண்டு அது. கணவாயின் உடலில் ஒரு நரம்பிழை இருக்கிறது. அரை மில்லிமீட்டர் தடிமன், வெறுங்கண்ணுக்கே தெரியும். அதற்குள் மின்கம்பியைச் செருகி, சவ்வின் மின்னழுத்தத்தை ஓர் அளவில் பிடித்துவைத்து, சோடியமும் பொட்டாசியமும் எப்போது எவ்வளவு கடக்கின்றன என்று அளந்தார்கள். அளந்ததை நான்கு மாறிகள் கொண்ட வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினார்கள். அவர்கள் இருந்த கேம்பிரிட்ஜின் கணினி அப்போது ஓடவில்லை. ஹக்ஸ்லி கையால் சுற்றும் பிரன்ஸ்விகா கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்து தீர்த்தார். துடிப்பு வினாடிக்கு 18.8 மீட்டர் ஓட வேண்டும் என்றது கணக்கு. இழையில் அளந்தால் 21.2. வேகத்தை முன்கூட்டி மனத்தில் வைத்து எந்த எண்ணையும் திருகாமல் கிடைத்த பொருத்தம் அது. இருவருக்கும் 1963இல் நோபல் பரிசு வந்தது.

ஆனால் இருவருமே உடலியங்கியல்காரர்கள். சமன்பாட்டை எழுத அவர்களுக்குக் கணிதத்துறை ஆள் தேவைப்படவில்லை. தீர்க்கவும் தேவைப்படவில்லை. அப்படியானால் நமக்கு அங்கே என்ன வேலை?

1961இல் ரிச்சர்ட் ஃபிட்ஸ்ஹியூ எழுதிய கட்டுரையை எடுத்துப் பார். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்தவர். நான்கு மாறிகளில் இரண்டு வேகமானவை, இரண்டு மெதுவானவை என்று பார்த்து, வேகத்துக்கு ஒன்று, மெதுவுக்கு ஒன்று என இரண்டே மாறிகள் கொண்ட ஒரு மாதிரியை வைத்தார். அளவைப் பொறுத்தவரை கணவாயின் நரம்பை அது சரியாகச் சொல்லாது. ஆனால் இரண்டு மாறி என்றால் காகிதத்தில் வரையலாம்! வரைந்ததும் பல விஷயங்கள் ஒரே பார்வையில் விளங்கிவிட்டன. அடக்கிப் பிடித்திருந்த நரம்பைச் சட்டென்று விட்டால் அது ஏன் துடிக்கிறது, மின்னோட்டத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் துடிப்பது ஏன் நின்றுபோகிறது, துடிப்புக்கான எல்லை ஏன் கத்தி வைத்து வெட்டியதுபோல் ஓர் எண்ணில் நிற்பதில்லை, எல்லாம். அடுத்த ஆண்டே ஜப்பானில் நாகுமோவும் தோழர்களும் அதே சமன்பாட்டுக்கு ஒரு மின்சுற்றைக் கட்டிக் காட்டினார்கள். நான்கு மாறியில் கணக்குக் கிடைத்தது. இரண்டு மாறியில்தான் காரணம் கிடைத்தது.

ஆக, நம் தொழில் சமன்பாட்டைச் சேர்ப்பதில் பெரிதாக இல்லை. எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதில் இருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கணிதக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கடைசியில் விலங்கையும் விட்டுவிடுவார்கள். பூங்கொத்துபோல் அழகான தேற்றம் மட்டும் மிஞ்சும். எந்த உயிரியல்காரரும் அதைப் படிப்பதில்லை. அவர்கள் படிக்காததைக் குறையாகச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

எதை விடக்கூடாது என்பதற்கு வில்ஃப்ரிட் ரால் வாழ்க்கையைச் சொல்கிறேன். இயற்பியல் படித்தவர், இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தவர், பிறகு நரம்பின் பக்கம் திரும்பியவர். நியூசிலாந்தின் டனீடினில் ஜான் எக்கிள்ஸிடம் ஆய்வு செய்தார். எக்கிள்ஸ் சாதாரண ஆளல்ல. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லியோடு அந்த 1963 நோபலைப் பகிர்ந்துகொண்டவர். அவர் முதுகுத்தண்டின் இயக்க நரம்பணுக்களில் மின்முனை செருகி அளந்தபோது, அணுவின் உடலை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டார். அதிலிருந்து மரக்கிளைகளாகப் பிரிந்து போகும் டென்ட்ரைட்டுகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். விளைவு, சவ்வின் கால மாறிலியை உள்ளதைவிடக் குறைவாக மதிப்பிட்டுவிட்டார். அளந்த மின்னழுத்தம் அந்தக் குறைந்த எண்ணுக்குப் பொருந்தாமல் மெதுவாக இறங்கியது. அதைச் சமாளிக்க, நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸில் வேதிப்பொருள் நெடுநேரம் தங்குகிறது என்றொரு விளக்கத்தைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டிவந்தது.

ரால் 1957இலும் 1959இலும் எழுதியது இதைத்தான்: மின்னோட்டத்தில் பெரும்பங்கு கிளைகளுக்குள் போகிறது, அதை விட்டால் கணக்கே பிழையாகிவிடும். கடலடித் தந்திக்கம்பிகளுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெல்வின் எழுதிய சமன்பாட்டை அவர் நரம்புக் கிளைக்குப் பயன்படுத்தினார். கிளைகளின் விட்டங்கள் ஒரு குறிப்பிட்ட விதிக்கு உட்பட்டால் மரம் முழுவதையும் ஒற்றை உருளையாகச் சுருக்கிவிடலாம் என்று காட்டினார். இங்கேயும் விடுவதுதான் நடந்தது, ஆனால் விட்டது வேறு. கிளைகளின் எண்ணிக்கையை விட்டார், கிளையை விடவில்லை. தன் ஆசானோடு ஆண்டுக்கணக்கில் கருத்து மாறுபட்டு நிற்க வேண்டியிருந்தது அவருக்கு. இளம் ஆய்வாளனுக்கு அது லேசான காரியமில்லை.

அந்தப் பிடிவாதத்துக்குப் பலன் எங்கே வந்தது தெரியுமா? முகர்வுக் குமிழில். மூளையில் வாசனையை முதலில் வாங்கும் பகுதி அது. ரால், கார்டன் ஷெப்பர்டு என்ற உடலியங்கியல்காரரோடு சேர்ந்து அதற்கொரு மாதிரி செய்தார். அளந்த மின்னலைகளை அந்த மாதிரி தர வேண்டுமானால், ஓர் அணுவின் டென்ட்ரைட் இன்னொன்றின் டென்ட்ரைட்டைத் தூண்டவும், தூண்டப்பட்டது அதே இடத்தில் திரும்ப அடக்கவும் வேண்டியிருந்தது. டென்ட்ரைட் வாங்கும், ஆக்ஸான் என்ற நீண்ட இழை கொடுக்கும் என்பதே அன்றைய பாடம். டென்ட்ரைட் கொடுக்கவும் செய்யும் என்பது கேள்விப்படாத பேச்சு. ரால் அப்போது இருந்த அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்திலேயே டாம் ரீஸும் மில்டன் பிரைட்மனும் மின்னணு நுண்ணோக்கியில் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரு திசையிலும் பேசும் சினாப்ஸ்கள் அவர்கள் படத்தில் இருந்தன. நால்வரும் சேர்ந்து 1966இல் எழுதினார்கள். சமன்பாடும் நுண்ணோக்கியும் ஒரே வளாகத்துக்குள் இருந்தது தற்செயல்தான். ஆனால் அப்படிப்பட்ட தற்செயல்கள் நடக்கிற இடமாகப் பார்த்துப் போய் உட்காரலாம். உனக்கு நான் சொல்லவிருக்கும் புத்திமதியில் பாதி இதுதான்.

நீ கணிதத்துறையிலிருந்து போகிறவள் என்பதால் நான்சி கோப்பெல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

நியூயார்க்கில் 1942இல் பிறந்தவர். பெர்க்லியில் ஸ்டீபன் ஸ்மேலிடம் 1967இல் பிஎச்.டி. முடித்தார். ஸ்மேல் அதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியிருந்தார். கோப்பெல்லின் ஆய்வேடு, ஒன்றோடொன்று இடம் மாறினாலும் விளைவு மாறாத உருமாற்றங்களைப் பற்றியது; சுத்தமான அருவக் கணிதம், அதில் உயிரும் இல்லை, உடலும் இல்லை. அங்கிருந்து நரம்புக்கு அவர் ஒரே தாவலாகத் தாவவில்லை. எம்.ஐ.டி.யின் லூ ஹோவர்டோடு சேர்ந்து, நிறம் மாறி மாறித் துடிக்கும் ஒரு வேதிவினையைப் பற்றி எழுதினார். பெலூசோவ்-ஜபோட்டின்ஸ்கி வினை என்பார்கள். கண்ணாடித் தட்டில் ஊற்றிவைத்தால் வளையம் வளையமாக அலை ஓடும். அந்தக் கட்டுரை 1973இல் வந்தது. அடுத்து பார்டு எர்மென்ட்ரவுட்டோடு சேர்ந்து, வரிசையாகக் கோர்த்த அலைவிகளைப் பற்றி எழுதினார். 1984இல் வந்த அந்தக் கட்டுரைக்குத் தூண்டுதல் பாலூட்டிகளின் சிறுகுடல். குடலின் ஒவ்வொரு பகுதியும் தனியாக விட்டால் தனித்தனி வேகத்தில் துடிக்கும். சேர்ந்திருக்கும்போது படிக்கட்டுபோல், ஒரு நீளத்துக்கு ஒரே வேகம், பிறகு சட்டென இறங்கி இன்னொரு வேகம் என்று அமையும். ஏன் என்று விளக்கினார்கள். பிறகு கடல்முயல் என்ற மெல்லுடலியின் ஒரு நரம்பணு. அதன் பிறகு லாம்ப்ரே.

லாம்ப்ரே விலாங்குபோல் நீண்ட, தாடை இல்லாத மீன். அதன் முதுகுத்தண்டை மட்டும் எடுத்து உப்புநீரில் போட்டு, தகுந்த வேதிப்பொருளைச் சேர்த்தால், மீனே இல்லாமல் தண்டு மட்டும் நீந்தும் தாளத்தைப் போட்டுக்கொண்டிருக்கும். நூறு கண்டங்கள் அளவில் இருக்கின்றன. தலையிலிருந்து வாலுக்கு அலை போகும்போது ஒவ்வொரு கண்டமும் முந்தையதைவிடச் சுழற்சியில் நூற்றில் ஒரு பங்கு பிந்தும். மீன் மெதுவாக நீந்தினாலும் வேகமாக நீந்தினாலும் இந்த ஒரு பங்கு மாறுவதில்லை. அதனால் உடலில் எப்போதும் ஏறத்தாழ ஒரு முழு அலை. இது எப்படி முடிகிறது? ஏவிஸ் கோஹன் என்ற உயிரியலாளர் ஹோம்ஸ், ராண்டு என்ற இரண்டு இயக்கவியல்காரர்களோடு சேர்ந்து 1982இல் இதற்கு முதல் மாதிரியை வைத்தார். கோப்பெல்லும் எர்மென்ட்ரவுட்டும் அதிலிருந்து மேலே போனார்கள்.

அவர்கள் விட்டது எவ்வளவு என்று பார். ஒவ்வொரு கண்டத்திலும் இருக்கும் நரம்பணுக்கள், அவற்றின் சவ்வுகள், சோடியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கண்டத்துக்கு ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டார்கள்: சுழற்சியில் அது இப்போது எங்கே நிற்கிறது என்ற கட்டம். இவ்வளவையும் விட்ட பிறகும், சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கேள்வி மிஞ்சியது. கண்டங்களுக்கிடையில் தலையிலிருந்து வாலுக்கு இறங்கும் இணைப்பு உண்டு, வாலிலிருந்து தலைக்கு ஏறும் இணைப்பும் உண்டு. பிந்தும் அளவைத் தீர்மானிப்பது எது? அலை இறங்குவதால் இறங்கும் இணைப்புதான் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். தண்டின் ஒரு முனையைப் பிடித்து வேறொரு வேகத்தில் அசைத்தால் தாளம் எதுவரை உடன்வரும் என்பது, எந்த இணைப்பு மேலோங்கியது என்பதைப் பொறுத்து மாறும் என்று கணிதம் சொன்னது. தெல்மா வில்லியம்ஸும் கேரன் சிக்வார்ட்டும் அசைத்துப் பார்த்தார்கள். 1990இல் எல்லாருமாகச் சேர்ந்து வெளியிட்டார்கள். மேலோங்கியது ஏறும் இணைப்பு. ஊர்வலத்தில் முன்னால் போகிறவர்கள் பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பதுபோல!

இங்கே கோப்பெல் கணக்குப் போட்டுக் கொடுத்த ஆளா? எந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பதே கணிதத்திலிருந்து வந்தது. அதே சமயம், அசைத்துப் பார்க்கத் தெரிந்த இருவர் இல்லாவிட்டால் அது இன்னொரு பூங்கொத்துத் தேற்றமாகப் போயிருக்கும். உன் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதற்குமேல் இல்லை.

(கணிதம் குறைந்துவிடும் என்ற பயம் அப்படியும் போகவில்லை என்றால் எர்மென்ட்ரவுட் தன் ஆசான் ஜாக் கோவனோடு 1979இல் எழுதியதைப் படி. போதை மருந்து உண்டவர்கள் கண்ணை மூடியும் சுருள், குகை, தேன்கூடு, சிலந்திவலை என்று வடிவங்களைக் காண்கிறார்களே, அவை ஏன் இந்தச் சில வகைகளாக மட்டும் இருக்கின்றன என்பதற்கு விளக்கம். பார்வைப் புறணியில் ஓய்வுநிலை நிலைகுலைந்து கோடுகள் எழுகின்றன. விழித்திரைக்கும் புறணிக்கும் இடையிலுள்ள மடக்கை உறவால் அந்த நேர்க்கோடுகள் நமக்குச் சுருளாகவும் குகையாகவும் தெரிகின்றன. சமச்சீர்க் குலமும் கிளைத்தல் கோட்பாடும் உனக்குத் தெரியும். ஒரு மாலையில் படித்துவிடுவாய்.)

கோப்பெல் 1990இல் மெக்ஆர்தர் நல்கை பெற்றார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதத்துறையிலேயே இருந்துகொண்டு மூளைத் தாளங்களின் பக்கம் போனார். 2010இல், மயக்க மருத்துவரும் புள்ளியியலாளருமான எமரி பிரவுனின் குழுவோடு சேர்ந்து புரோபோஃபால் பற்றி எழுதினார். அறுவைசிகிச்சைக்கு முன் ஏற்றுவார்களே, பால்போல் வெள்ளையான மருந்து, அதுதான். அது உடலில் ஏறி நினைவு போகும்போது நெற்றிப் பகுதியில் வினாடிக்குப் பத்து முறை அளவில் துடிக்கும் ஆல்ஃபா அலை தோன்றுகிறது. அது எப்படி எழுகிறது என்பதற்கு ஒரு மாதிரி. 1967க்கும் 2010க்கும் இடையில் 43 ஆண்டுகள். அருவமான உருமாற்றங்களிலிருந்து அறுவை அரங்குக்கு வர அவ்வளவு காலம் ஆனது. அண்ணன் கேட்கும் ‘எத்தனை வருஷத்தில் செட்டில் ஆகலாம்’ என்ற கணக்குக்குள் இது அடங்காது. அதையும் நீ தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

விடுவதைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஈவ் மார்டர் நண்டு, சிங்கிறால் ஆகியவற்றின் வயிற்றை இயக்கும் நரம்புமுடிச்சை வாழ்நாள் முழுக்க ஆராய்பவர். மொத்தம் முப்பது நரம்பணுக்கள் அளவில்தான். 2004இல் அவர் குழு அந்தச் சுற்றுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அளவுருக்கள் கொண்டவையும் ஒரே தாளத்தைப் போட்டன. அதற்குமுன் 2002இல் அதே குழு காட்டியது இன்னும் சங்கடமானது: பல நரம்பணுக்களில் அளந்து சராசரி எடுத்து ஒரு மாதிரியைக் கட்டினால், அந்தச் சராசரி அணு அவற்றில் எதைப்போலவும் நடந்துகொள்ளாமல் போகலாம். ஆய்வுக்கட்டுரையின் அட்டவணையிலிருந்து எண்களை எடுத்துப்போட்டு மாதிரி செய்கிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. ‘சராசரி’ என்று போட்டிருந்தால் கொஞ்சம் நின்று யோசி. எந்த விலங்கில், எத்தனை அணுவில், எந்த வெப்பநிலையில் என்று அளந்தவரிடமே போய்க் கேள். வெட்கப்படாதே, அப்படிக் கேட்கிற கணிதக்காரரை அவர்களுக்குப் பிடிக்கும்.

இப்போது எல்லாரும் தரவைப் பற்றிப் பேசுகிறார்கள். எல்லா இணைப்பையும் வரைந்துவிட்டால் போதும், மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். 302 நரம்பணுக்கள் கொண்ட ஒரு புழுவின் இணைப்புப் படம் 1986இலேயே வந்துவிட்டது. இன்றும் அந்தப் புழுவை முழுமையாகப் புரிந்துகொண்டுவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. 2024இல் பழ ஈயின் முழு மூளைக்கும் படம் வந்தது. ஏறத்தாழ 1,40,000 நரம்பணுக்கள். பிரமாதமான வேலை, எனக்கு அதில் ஐயமே இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பது, எதை ஒதுக்குவது என்று சொல்ல ஆள் வேண்டும். உன் தலைமுறைக்கு வேலை குறையாது.

இனி அண்ணனின் கேள்வி.

இந்தத் துறையில் இருப்பவருக்கு இரண்டு வீடு, அதனால் சில சமயம் ஒரு வீடும் இல்லை. நான் இருந்த இடத்தில் பதவி உயர்வுக் குழு என் கோப்பைப் பார்த்துவிட்டு இதில் தேற்றம் எங்கே என்று கேட்டது. உயிரியல் மாநாட்டில் பேசினால் தரவு எங்கே என்று கேட்பார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள் என்று ஏற்றுக்கொண்டால் தூக்கம் வரும். நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், உன்னை நியமிக்கும் துறை ஒன்றாக இருக்கட்டும். நிலைப்பதவி வரும்வரை அந்தத் துறைக்குப் புரிகிற மொழியில் ஆண்டுக்கு ஒன்றாவது எழுது. இரண்டு துறைக்கும் பாதிப் பாதி என்று ஒரு நியமனம் வந்தால் யோசித்து ஏற்றுக்கொள்; பாதிப் பாதி என்பது பெரும்பாலும் இரண்டு முழுக் குழுக்கூட்டங்களாக முடியும்.

ஆசிரியர் பெயர் வரிசையைப் பற்றி முதல் நாளே பேசிவிடு. கணிதத்தில் அகரவரிசை, யாரும் அதற்கு அர்த்தம் தேடமாட்டார்கள். உயிரியலில் முதல் பெயர் வேலை செய்த மாணவருக்கு, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருக்கு. நடுவில் இருப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாதிரி செய்தவரை நடுவில் தள்ளுவது எளிது. மனவருத்தம் வந்தபின் பேசுவதைவிட முன்பே பேசுவது நல்லது. நன்றியுரையில் பெயர் போடுகிறோம் என்றால் சிரித்துவிட்டு, இல்லை என்று சொல்.

பிஎச்.டி.யைக் கணிதத்துறையிலேயே செய் என்றுதான் சொல்வேன். இயக்க அமைப்புகள், நிகழ்தகவு, எண்முறைகள் மூன்றும் பிறகு கற்றுக்கொள்ளக் கடினம்; உயிரியலை முப்பது வயதிலும் கற்கலாம், அதற்குச் சாட்சிகள் நிறைய. லாரி அபட் துகள் இயற்பியல்காரர். மார்டரின் ஆய்வகத்தில் நண்டின் நரம்பைக் கண்டபிறகு இந்தப் பக்கம் வந்தவர். அவரும் மார்டரும் சேர்ந்து, கணினியில் ஓடும் ஒரு கற்பனைச் சவ்வுப் பாதையை உயிருள்ள அணுவோடு நேரடியாக இணைக்கும் முறையை 1993இல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்டவர்களைக் கொண்டுவரவே ஸ்லோன் அறக்கட்டளை 1994இல் ஐந்து அமெரிக்க நிறுவனங்களில் கோட்பாட்டு நரம்பியல் மையங்களைத் தொடங்கியது. கணிதம், இயற்பியல் படித்தவர்களைச் சோதனை ஆய்வகத்துக்குள்ளேயே உட்காரவைப்பதுதான் அதன் நோக்கம். எனவே போஸ்ட்டாக் மட்டும் சோதனை ஆய்வகத்தில் செய். எலிக்கு மயக்கம் கொடுப்பது, மின்முனை உடைவது, நள்ளிரவில் அணு செத்துப்போவது எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார். ஒரு தரவுப் புள்ளிக்குப் பின்னால் எவ்வளவு போகிறது என்று பார்த்தவள் பிறகு அதை அலட்சியமாக ஒதுக்கமாட்டாள்.

வெளிநாடு போய்த்தான் ஆக வேண்டுமா என்று அண்ணி கேட்டதாக எழுதியிருந்தாய். தேவையில்லை. பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையமும், இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையமும் இருக்கின்றன. சென்னையில் ஐ.ஐ.டி.யில் கோட்பாட்டு வேலையும் நடக்கிறது. அங்கேயே மனித மூளையை உயிரணு அளவில் சீவிப் படமெடுக்கும் மையமும் 2022 முதல் இயங்குகிறது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் அதற்குக் கூப்பிடு தூரத்தில். பெங்களூரில் நினைவாற்றலின் கணக்கீடு பற்றி இளம் ஆய்வாளர்களுக்கு நடத்தும் பயிற்சி முகாமுக்கு முதலில் விண்ணப்பி. அமெரிக்காவின் கடற்கரைக் கிராமமான வுட்ஸ் ஹோலில் 1988இலிருந்து நடக்கும் கோடைக்காலப் பயிற்சிக்குப் பிறகு போகலாம். இப்படிப்பட்ட முகாம்களில் கிடைக்கும் பழக்கம்தான் பல ஆண்டுகள் கழித்துக் கூட்டுக்கட்டுரையாகிறது.

எல்லாருக்கும் நிலைப்பதவி கிடைப்பதில்லை என்பதையும் மறைக்கமாட்டேன். கிடைக்காதவர்கள் பட்டினி கிடப்பதுமில்லை. தொடர்வரிசைத் தரவையும் நிகழ்தகவையும் கையாளத் தெரிந்தவரை மருந்து நிறுவனமும் மருத்துவக் கருவி நிறுவனமும் வங்கியும் வாங்கிக்கொள்ளும். இந்தக் கடைசி வரியை அண்ணனுக்குப் படித்துக் காட்டு.

ஆய்வு வழிகாட்டியாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்க்காதே. ஒரே சோதனைக்காரரோடு எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து எழுதியிருக்கிறார் என்று பார். ஆளுக்கு ஒரு கட்டுரை, பிறகு வேறு ஆள் என்று போயிருந்தால், மாதிரியைச் செய்து கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர். பத்தாண்டு ஒருவரோடு இருந்திருந்தால், நடுவில் இரண்டுபேரும் சண்டை போட்டிருப்பார்கள். மாதிரி தவறிய இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். முதல் சந்திப்பில் அதையே கேள்: உங்கள் மாதிரி எந்த இடத்தில் தவறியது? உற்சாகமாகப் பதில் சொன்னால் அங்கே சேர்ந்துகொள். முகம் சுருங்கினால் காபியைக் குடித்துவிட்டு வந்துவிடு.

ஆவணியில் ஊருக்கு வருவாய் அல்லவா? ஃபிட்ஸ்ஹியூவின் இரண்டு சமன்பாடுகளுக்குக் கட்டத்தளத்தைக் கையால் வரைந்து எடுத்துக்கொண்டு வா. அடக்கிப் பிடித்த நரம்பை விட்டதும் புள்ளி எந்த வழியாகச் சுற்றிவருகிறது என்று எனக்கு நீ விளக்கிக் காட்ட வேண்டும். கணினியில் வரைந்து கொண்டுவந்தால் நான் பார்க்கமாட்டேன்.

அன்புடன்,
சித்தப்பா